மருந்தை மாற்றும் ஈரல்: கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றில் ஒரு படலம்

பெருந்திகில் ஒன்று நேர்ந்தால் "ஈரக்குலை நடுங்கிவிட்டது" என்று சொல்வது தமிழர் வழக்கு. அச்சத்திற்கும் பதற்றத்திற்கும் ஈரலையே இருப்பிடமாக்கினர் நம் முன்னோர். உடல்நூலார் காட்டும் கல்லீரலோ வேறு வகையானது. அது நடுங்கும் உறுப்பன்று. வாயில் காக்கும் உறுப்பு. உண்ட சோறும் விழுங்கிய மாத்திரையும் குடலினின்று குருதியிற் கலந்தபின், பெரும்பாலும் ஈரலைக் கடந்தே உடலின் ஏனைய பகுதிகளுக்குச் செல்லவேண்டும். அங்கே ஒவ்வொரு பொருளும் ஆராயப்படுகிறது. வேண்டாதது உருமாற்றப்பட்டுச் சிறுநீர் வழியாகவோ பித்தநீர் வழியாகவோ வெளியே அனுப்பப்படுகிறது.

"அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு" என்பது நாம் மாணவர்க்கு முதற்கண் கற்பிக்கும் பழமொழிகளுள் ஒன்று. அது மெய்யே, எனினும் முழு மெய்யன்று. ஒரே அளவு மருந்து ஒருவரைக் காக்கிறது. மற்றொருவருக்குப் பயனின்றிப் போகிறது. வேறொருவரை வீழ்த்தியும் விடுகிறது. அளவு ஒன்றே காரணமாயின் இவ்வேறுபாடு தோன்றாது. அம்மருந்தைச் சந்திப்பது எவருடைய ஈரல், அவ்வீரல் அதற்கு முன் எவ்வெப் பொருள்களோடு பழகியது என்பவையும் அளவோடு சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன.

இவ்வுண்மையை அறிவியல் உலகம் எலியின் ஈரலிலும் சுண்டெலியின் ஈரலிலும் கற்றது. ஆயின் அக்கல்விக்கு வித்திட்ட பொருள்களுள் சில, அதற்கு முன்பே கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் நம் மக்களின் உடலிற் புகுந்து சென்றவை. ஆய்வுக்கூடத்தின் வரலாறு ஒன்று. தோட்டத்து லயங்களின் வரலாறு ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிள்ளானை வாட்டிய காய்ச்சல்

1901ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்டத்திற்கு வந்து சேர்ந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. துறைமுகம் திறந்த சில நாட்களுக்குள்ளேயே மலேரியாக் காய்ச்சல் தொழிலாளரையும் அலுவலரையும் வரிசையாக வீழ்த்திற்று. புதிய துறைமுகத்தை மூடிவிட நேருமோ என்ற அச்சமும் எழுந்தது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்து அப்போது நான்கு ஆண்டுகளே கடந்திருந்தன. வாட்சன் அதனை நம்பினார். சதுப்பு நிலங்களை வடியச் செய்தார். ஊரை ஒட்டிய காட்டை வெட்டச் செய்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் காய்ச்சலால் மாண்டவர் 368 பேர். மறு ஆண்டில் அத்தொகை 59ஆகக் குறைந்தது.

பின்னர் வாட்சன் தோட்டங்களின் பக்கம் திரும்பினார். ரப்பர் பயிரிட மலைச்சரிவுகளில் காட்டை அழித்த இடங்களில் காய்ச்சல் குறையவில்லை, மாறாகப் பெருகிற்று. வெயில் படும் தெளிந்த ஓடைகளை விரும்பும் மாகுலேட்டஸ் என்னும் கொசு அங்கே பெருகியதே காரணம். தோட்டத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வயிற்றைத் தடவி, மண்ணீரல் வீங்கியவர் எத்தனை பேர் எனக் கணக்கெடுத்து அவர் நோயை அளந்தார். அவ்வீக்கத்தைக் 'காய்ச்சற் கட்டி' என்பர் நம்மவர். அவ்வாறு எண்ணப்பட்ட பிள்ளைகளுட் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் மக்கள். 1911இல் வாட்சன் வெளியிட்ட மலேரியாத் தடுப்பு நூலில் அவ்வெண்கள் இடம்பெற்றன. ஆக, மலாயாவின் மருத்துவ வரலாறு மண்ணீரலின் வரலாறாகத் தொடங்கிற்று. கல்லீரலைப் பற்றி அக்காலத்தில் எவரும் கவலைப்படவில்லை.

மாத்திரைகள் வந்த வழி

அந்நாளில் இருந்த மருந்து கொயினா ஒன்றே. அது சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. உலகிற்கு வேண்டிய பட்டையில் மிகப் பெரும் பகுதியைச் சாவகத் தீவே விளைவித்தது. எனவே மரத்தை நம்பாது, ஆய்வுக்கூடத்திலேயே மருந்தை ஆக்க வேதியியலார் முயன்றனர். செருமனியில் பேயர் நிறுவனம் ஆக்கிய அட்டெப்ரின் அவ்வழியில் வந்தது. கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், 1932இலேயே ஆர். கிரீன் என்பார் அதனை நோயாளிகட்குக் கொடுத்துச் சோதித்து அறிக்கை எழுதினார். அதே கழகத்தைச் சேர்ந்த ஜே. டபிள்யூ. பீல்டு தோட்டங்களில் மலேரியா மருந்துகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். குருதித் துளியிற் கிருமியைக் காட்டுவதற்கு அவர் கண்ட சாயம் இன்றும் உலகெங்கும் 'பீல்டு சாயம்' என்ற பெயரால் வழங்குகிறது.

1942ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் சப்பானியர் வசமாயிற்று. சாவகமும் விரைவில் வீழ்ந்தது. கொயினா நேச நாடுகளுக்குக் கிடைக்காமற் போயிற்று. இங்கே வடிகால்கள் தூர்ந்தன, மருந்து அரிதாயிற்று, காய்ச்சல் திரும்பி வந்தது. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட நம் தோட்ட மக்களுள் எத்தனையோ ஆயிரவர் மலேரியாவாலும் வாந்திபேதியாலும் பட்டினியாலும் மடிந்தனர். இத்துயரத்தின் மறுபுறத்தில், கொயினாவை இழந்த அமெரிக்கா அட்டெப்ரினை நம்பி நின்றது. ஆனால் போர்வீரர்க்கு அம்மருந்து சில வேளைகளிற் பயனளிக்கவில்லை. ஏன் என்று நியூயார்க்கில் ஆராய்ந்தவர்களுள் ஜேம்ஸ் ஷானனும் பெர்னார்டு பிராடியும் முதன்மையானவர்.

அவர்கள் கண்டது எளிய உண்மை. விழுங்கிய அட்டெப்ரினிற் பெரும்பகுதி குருதியில் நிற்பதில்லை. அது உறுப்புகளுக்குள், சிறப்பாக ஈரலுக்குள், சென்று தங்கிவிடுகிறது. ஆதலால் முதல் நாளில் மிகுதியாகக் கொடுத்துப் பின்னர்க் குறைத்தல் வேண்டும். மருந்தின் அளவை நோயாளியின் எடையால் மட்டுமன்றி, குருதியில் அது நிற்கும் நிலையாலும் கணிக்கவேண்டும் என்ற கொள்கை இவ்வாராய்ச்சியால் வலுப்பெற்றது. பிராடியும் அவரோடு பணிபுரிந்த சூலியஸ் ஆக்சல்ராடும் பிற்காலத்தில், மருந்துகளை ஈரல் எவ்வாறு மாற்றுகிறது என்ற துறையையே நிறுவினர். கொயினா இல்லாத தோட்டத்தில் காய்ச்சலாற் கிடந்த தொழிலாளியும், பிராடியின் சோதனைக் குழாயும் ஒரே போரின் இரு முகங்கள் எனலாம்.

ஈரல் எழுப்பும் மருந்து

போர் முடிவுற்ற 1945ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தார் பாலுட்ரின் என்னும் மாத்திரையை வெளியிட்டனர். அட்டெப்ரின் உண்டவரின் தோல், மஞ்சட் காமாலையோ என ஐயுறத்தக்க நிறம் பெறும். பாலுட்ரினுக்கு அத்தீங்கு இல்லை. மலாயாவில் அது விரைந்து பரவிற்று. அதனைச் சோதித்தவர்களுள் பீல்டும் ஒருவர்.

இம்மாத்திரையில் ஒரு புதிர் இருந்தது. நோயாளிக்குக் கொடுத்தால் மலேரியாக் கிருமி மடிந்தது. சோதனைக் குழாயில் கிருமியோடு கலந்து வைத்தாலோ கிருமிக்கு ஒன்றும் நேரவில்லை. 1947இல் இலண்டனில் பிராங்க் ஹாக்கிங் என்பார் இப்புதிரை அவிழ்த்தார். (வானியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் தந்தை இவர்.) பாலுட்ரினை ஈரற் குழம்போடு சேர்த்து வைத்தபோது அது கிருமியைக் கொல்லும் ஆற்றல் பெற்றது. அதாவது நாம் விழுங்குவது மருந்தே அன்று. மருந்தாகக் கூடிய ஒரு பொருள். ஈரலே அதனை மருந்தாக்குகிறது. அவ்வாறு ஆக்கப்படும் பொருளைச் சைக்ளோகுவானில் என்று பின்னர்ப் பெயரிட்டனர்.

இம்மாற்றத்தைச் செய்பவை நொதிகள். மாவைப் புளிக்கச் செய்யும் நொதி போன்று, தாம் அழியாமற் பிற பொருளை மாற்றும் புரதங்களே இவை. பாலுட்ரினை மாற்றும் நொதி எல்லா மனிதரிடத்தும் ஒரே வலிமையோடு இருப்பதில்லை என்பதும் பிற்காலத்தில் தெளிவாயிற்று. ஐரோப்பியருள் நூற்றுக்கு மூவர் அளவினரிடமும், கிழக்காசிய மக்களுள் நூற்றுக்குப் பதினைவர் முதல் இருபதின்மர் வரையிலும் அது மிக நலிந்துள்ளது. ஒரே லயத்தில் ஒரே மாத்திரையை உண்ட இருவருக்கு வெவ்வேறு பயன் விளைந்திருக்கலாம் என்பதற்கு இஃதொரு சான்று.

இங்கே ஒன்றை மறைத்தலாகாது. 1949ஐ ஒட்டி மலாயாவில் பாலுட்ரினுக்கு அடங்காத மலேரியா தலைகாட்டிற்று. எட்சனும் பீல்டும் 1950இல் அதனை உலகிற்கு அறிவித்தனர். அதற்குக் காரணம் நம் ஈரலன்று; கிருமி தன்னை மாற்றிக்கொண்டதே. மருந்தை ஈரல் மாற்றுகிறது. கிருமியோ மருந்துக்கேற்பத் தானே மாறுகிறது. இரண்டையும் குழப்பிக் கொள்ளலாகாது.

கோலாலம்பூரில் 1948

அடுத்த நிகழ்ச்சியும் நம் ஊரிலேயே நடந்தது. புதர்க்காடுகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும் வேலை செய்வோரை ஒரு சிறு உண்ணியின் கடியால் பற்றும் புதர்க் காய்ச்சல் அந்நாளில் கொடிய நோய். 1948ஆம் ஆண்டு மார்ச்சில் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் அமெரிக்க மருத்துவர் குழு ஒன்று கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கழகத்திற்குக் குளோரம்பெனிக்கால் என்னும் புதிய மருந்தைக் கொண்டு வந்தது. வெனிசுவேலா நாட்டு மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து அதற்கு முந்திய ஆண்டிற் கிடைத்த மருந்து அது. மருந்து பெற்ற 25 நோயாளிகளுள் ஒருவரும் இறக்கவில்லை. அவ்வறிக்கையில் கையொப்பமிட்டோருள் கழகத்தில் பணியாற்றிய எஸ். ஆர். சவூர் என்னும் இந்திய மருத்துவரும் ஒருவர். அதே காலத்தில், குடற்காய்ச்சலாகிய டைபாய்டையும் அம்மருந்து தணிக்கிறது என்பது பத்து நோயாளிகளிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதனை எழுதியவர்களுள் முன்னர் அட்டெப்ரினைச் சோதித்த கிரீனும், மங்கிகர் என்ற இந்திய மருத்துவரும் இருந்தனர்.

பல்லாயிரம் உயிர்களைக் காத்த அம்மருந்தே 1959இல் அமெரிக்க மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகள் சிலரைக் கொன்றது. குழந்தைகளின் உடல் சாம்பல் நிறமுற்று, குருதியோட்டம் தளர்ந்து அவர்கள் இறந்தனர். எடைக்கேற்பக் கணக்கிட்டுக் கொடுத்த அளவாயினும் அக்குழந்தைகளுக்கு அது பெருஞ்சுமையாயிற்று. குளோரம்பெனிக்காலைக் கட்டி வெளியேற்றும் நொதி, பிறந்த சில நாட்களுக்கு ஈரலிற் போதிய அளவு சுரப்பதில்லை என்பது ஆராய்ச்சியில் தெரிந்தது. அந்நொதிக்குரிய மரபணு குழந்தையிடம் இல்லாமலில்லை. அது இன்னும் முழுதும் விழித்தெழவில்லை.

அப்படியானால் உறங்கும் மரபணுவை எழுப்ப முடியுமா? முடியும் என்பதற்கு விடை வேறொரு திசையிலிருந்து வந்தது.

உறங்காத எலிகள்

1956இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆலன் கானி என்னும் இளைஞர், மில்லர் தம்பதியரோடு சேர்ந்து எலிகளை ஆராய்ந்தார். நிலக்கரித் தாரில் உள்ளவற்றைப் போன்ற ஒரு பொருளைச் சிறிதளவு செலுத்தினால், ஒரு நாளைக்குள் எலியின் ஈரலிற் சில நொதிகள் பன்மடங்கு பெருகுவதைக் கண்டார். புதிய புரதம் உண்டாவதைத் தடுத்தால் அப்பெருக்கமும் நின்றது. எனவே, இருந்த நொதி வேகம் கொண்டதன்று. ஈரல் புதிதாக நொதியை ஆக்கிக்கொண்டது என்பது தெளிவாயிற்று.

1963இல் ஐயோவாப் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், பவுட்ஸ் முதலியோர் வெளியிட்ட செய்தி இன்னும் சுவையானது. எலிகளுக்கு உறக்க மருந்து கொடுத்து, அவை எவ்வளவு நேரம் உறங்குகின்றன என்று அளப்பது அங்கே நாள்தோறும் நடக்கும் சோதனை. ஒருமுறை எலிகள் வழக்கத்திற்கு மாறாக விரைவில் விழித்துக்கொண்டன. மருந்திற் குறையில்லை. பிறகு பார்த்தால், எலிகள் இருந்த அறையிற் பூச்சிகளை ஒழிக்கக் குளோர்டேன் என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளித்திருந்தனர். அப்பூச்சிக்கொல்லியைச் சந்தித்த ஈரல் தன் நொதிகளைப் பெருக்கிக்கொண்டது. அப்பெருகிய நொதிகள் உறக்க மருந்தையும் விரைந்து அழித்துவிட்டன. டி.டி.டி.யும் இவ்வாறே செய்கிறது என அவ்வாண்டிலேயே அவர்கள் காட்டினர்.

டி.டி.டி. என்ற பெயர் நம் மூத்தோர்க்குப் புதிதன்று. போருக்குப் பின் கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கழகத்துப் பூச்சியியலார் ரீடும் வார்ட்டனும் மாகுலேட்டஸ் கொசுவின்மேல் அதன் ஆற்றலைச் சோதித்தனர். 1960 முதல் 1964 வரை முன்னோட்டமாகவும், 1967 முதல் நாடளாவிய மலேரியா ஒழிப்புத் திட்டமாகவும் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. மலேரியாவின் கொடுமையைக் குறைத்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு; அந்நன்றியை மறத்தல் முறையன்று. ஆயினும் டி.டி.டி. மனித உடலின் கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்குவது. சுவீடனில் பூச்சிக்கொல்லிகளைக் கையாண்ட தொழிலாளரை 1969இல் ஆராய்ந்தபோது, அவர்கள் ஈரல் ஒரு சோதனை மருந்தைப் பிறர் ஈரலைவிட விரைந்து அழிப்பது தெரிந்தது. எலியிற் கண்டது மனிதரிடமும் உண்மையாயிற்று. தொழிலாளர் அன்று நோயாளியாகவில்லை. ஆனால் அவர் உண்ணும் மருந்தின் கணக்கு அவர் அறியாமலே மாறிவிட்டது.

சுண்டெலி காட்டிய வழி

ஈரலின் உயிரணுவுக்கு, வந்த பொருள் இன்னதென்று எவ்வாறு தெரிகிறது? இக்கேள்விக்கு விடை தந்தது சுண்டெலி. கறுப்புச் சுண்டெலி இனம் ஒன்று, மங்கிய பழுப்புச் சுண்டெலி இனம் ஒன்று. புகையிலும் தாரிலும் உள்ள பொருளைக் கொடுத்தால் முன்னதன் ஈரல் நொதியைப் பெருக்கும். பின்னதன் ஈரல் பெருக்காது. டேனியல் நீபர்ட் முதலியோர் இரு இனங்களையும் கலந்து குட்டி ஈன்றச் செய்து, இவ்வேறுபாடு மரபுவழி வருவதைக் காட்டினர். 1976இல் ஆலன் போலண்டு முதலியோர் சுண்டெலியின் ஈரலில், அப்பொருளைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதத்தைக் கண்டனர். அதனை 'ஏற்பி' என்போம். பழுப்புச் சுண்டெலியின் ஏற்பி பொருளை உறுதியாகப் பற்றுவதில்லை. பூட்டு வேறாயின் திறவுகோல் என் செய்யும்?

1998இல் அமெரிக்காவில் மசஹிகோ நெகிஷி என்னும் சப்பானிய அறிஞரின் குழுவினர், சுண்டெலி ஈரலில் இன்னொரு ஏற்பியின் தொழிலை விளக்கினர். அதனைச் சுருக்கமாகக் 'கார்' என்பர். வலிப்பு மருந்தாகிய பீனோபார்பிட்டால் உடலிற் புகுமுன் இவ்வேற்பி உயிரணுவின் உட்கருவுக்கு வெளியே காத்து நிற்கிறது. மருந்து வந்ததும் அது உட்கருவுக்குள் நுழைகிறது. குறிப்பிட்ட மரபணுக்களின் முன்னுள்ள இடத்தில் அமர்கிறது. அம்மரபணுவின் படிகள் மிகுதியாக எழுதப்படுகின்றன. அப்படிகளைக் கொண்டு நொதி மிகுதியாக ஆக்கப்படுகிறது. 2000ஆம் ஆண்டில், 'கார்' மரபணுவை நீக்கி வளர்த்த சுண்டெலிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்தனர். அவற்றின் ஈரலில் அந்நொதிகள் பெருகவில்லை, ஈரலும் வீங்கவில்லை. அவ்வேற்பியே அதிகாரி என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

நம் தோட்டத்து அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். பேரேடு எப்போதும் அலமாரியில் இருக்கிறது, அதுவே மரபணு. சரக்கு வந்த செய்தியைக் கொண்டு உள்ளே ஓடும் ஏவலன் ஏற்பி. பேரேட்டின் உரிய பக்கத்தைப் பார்த்துக் கிராணி எழுதிக் கொடுக்கும் சீட்டு, மரபணுவின் படி. சீட்டுக்கேற்பக் களத்தில் இறங்கும் ஆட்கள் நொதிகள். சரக்கு வருவது நின்றால் சீட்டும் நிற்கும். சில நாட்களிலோ வாரங்களிலோ ஆட்களும் குறைவர். பேரேடு மாறுவதில்லை, எந்தப் பக்கம் எத்தனை முறை படியெடுக்கப்படுகிறது என்பதே மாறுகிறது.

இவ்வறிவு ஏட்டளவில் நின்றதன்று. 1960களின் பிற்பகுதியில், தாய்க்குப் பீனோபார்பிட்டாலைக் கொடுத்துப் பிறக்கும் குழந்தையின் ஈரல் நொதியை எழுப்பிக் காமாலையைத் தணிக்க மருத்துவர் முயன்றனர். கரியிற் சுட்ட இறைச்சியைச் சில நாள் உண்டவரின் ஈரல் சில மருந்துகளை விரைந்து அழிப்பதைக் கானி முதலியோர் 1976இற் காட்டினர். காஜாங் சாத்தேயின் கருகிய ஓரத்திலும் அவ்வகைப் பொருள் உண்டு என்றால் நம் அன்பர்கள் வியப்பர்.

சுண்டெலியும் மனிதரும்

சுண்டெலியிற் கண்டதையெல்லாம் மனிதர்க்கு ஏற்றிச் சொல்லுதல் தவறு. இவ்வேலையிற் பெரும்பங்கு கொள்ளும் நொதிக் குடும்பத்திற்குப் 'பி 450' என்று பெயர். 1962இல் ஒசாகாவைச் சேர்ந்த ஓமுராவும் சாட்டோவும், அது ஒளியை விழுங்கும் அலைநீளத்தைக் கொண்டு அப்பெயரிட்டனர். அக்குடும்பத்தின் மரபணுக்கள் மனிதரிடம் 57. சுண்டெலியிடம் நூற்றுக்கு மேல். காசநோய்க்கு நாம் உண்ணும் ரிபாம்பிசின் மனித ஈரலின் ஓர் ஏற்பியை வலுவாக எழுப்பும். சுண்டெலியின் அதே ஏற்பியை அவ்வாறு எழுப்பாது. 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ரொனால்டு எவான்ஸ் குழுவினர், மனித ஏற்பியைச் சுண்டெலியின் ஈரலிற் புகுத்தினர். உடனே அச்சுண்டெலி ரிபாம்பிசினுக்கு மனிதரைப் போலவே விடை கூறிற்று.

இதன் பயன் நம் வீட்டளவில் உண்டு. ரிபாம்பிசின் உண்பவரின் ஈரல், கருத்தடை மாத்திரையையும், குருதி உறையாமல் இருக்க உண்ணும் மருந்தையும் வேகமாக அழித்துவிடும். மாத்திரை குறையவில்லை, ஈரலின் ஆட்கள் மிகுந்துவிட்டனர். மருத்துவரிடம் செல்லும்போது வேறு என்னென்ன உண்கிறோம் என்பதை, நாட்டு மருந்து, சீன மருந்து உட்பட, ஒளிக்காமற் சொல்லவேண்டும் என்பது இதனால்தான்.

மருந்தடிப்போரின் ஈரல்

இனி இவ்வரலாற்றின் கடுமையான பகுதிக்கு வருவோம். கொசுவை அழிக்கத் தெளிக்கப்படும் மாலத்தியான் பூச்சிக்குக் கொடிய நஞ்சு. மனிதர்க்கு அவ்வளவு கொடியதன்று. காரணம், நம் ஈரலிலுள்ள ஒரு நொதி அதனை விரைந்து உடைத்து விடுகிறது. 1976இல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக மாலத்தியான் தெளித்த ஏறத்தாழ 7,500 தொழிலாளருள் 2,800 பேர் அளவில் நஞ்சேறி வீழ்ந்தனர்; ஐவர் இறந்தனர். மருந்தின் பெயரும் அளவும் முன்போலவே இருந்தன. ஆனால் அச்சரக்கிற் கலந்திருந்த ஒரு மாசு, காவல் புரியும் அந்த ஈரல் நொதியையே முடக்கிவிட்டது. வாயிற்காவலனைக் கட்டிப் போட்டபின் கள்வன் எவ்வளவு சிறியவனாயினும் என்ன?

மாலத்தியானும் பைரித்ராய்டு வகை மருந்துகளும் மலேசியாவில் டெங்கிக் கொசுவுக்குப் புகையடிக்கப் பயன்பட்டவை. பிரிக்பீல்ட்ஸ் வீடுகளில் சன்னலை அடைத்துக்கொண்டு புகை கலையும் வரை காத்திருக்கும் நமக்கு அது சில நிமிடச் சந்திப்பு. புகைக் குழலைத் தோளிற் சுமப்பவர்க்கோ அது நாள்தோறும் சந்திப்பு. தோட்டங்களில் முதுகிற் பம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் நம் தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். ஒரு நாள் புல்லுக்கு, ஒரு நாள் பூச்சிக்கு, ஒரு நாள் எலிக்கு என அவர்கள் கையாண்ட பொருள்கள் ஒன்றல்ல. கோலாலம்பூரில் ஐரின் பெர்னாண்டஸ் 1991இல் தொடங்கிய தெனாகனிதா அமைப்பு, 2002ஆம் ஆண்டில் இப்பெண்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது.

அவர்கள் தெளித்த களைக்கொல்லிகளுள் பாராகுவாட் ஒன்று. பாலுட்ரினை அளித்த அதே ஐ.சி.ஐ. நிறுவனமே 1962இல் இதனையும் விற்பனைக்குக் கொண்டு வந்தது. பாலுட்ரினை எழுப்பிய ஈரலுக்குப் பாராகுவாட்டை மாற்றும் வல்லமை பெரும்பாலும் இல்லை. அது மாறாமலே நுரையீரலிற் சேர்ந்து அதனைச் சிதைக்கும். முறிவு மருந்தும் கிடையாது. மலேசியா 2002இல் அதனைத் தடை செய்யப்போவதாக அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. 2020 சனவரி முதல் நாள் முழுத்தடை நடப்புக்கு வந்தது.

ஒவ்வொரு பொருளையும் தனியே எடுத்து, இவ்வளவு வரை தீங்கில்லை என்று அளவு கட்டுவது பழைய முறை. அம்முறையும் வேண்டியதே. ஆனால் உழைப்பவரின் ஈரல் அவற்றைத் தனித்தனியே சந்திப்பதில்லை. நேற்றுச் சந்தித்த பொருள் இன்றைய பொருளின் கதியை மாற்றுகிறது. ஒன்று நொதியைப் பெருக்குகிறது. ஒன்று நொதியை முடக்குகிறது. பெருகிய நொதி சில பொருள்களை நலமாக்கும். பாராத்தியான் போன்ற சிலவற்றைக் கொடிய நஞ்சாகவும் ஆக்கும். ஆதலின் எவ்வளவு என்று கேட்பதோடு, எத்தனை நாள், எவற்றோடு, எவருடைய உடலில் என்றும் கேட்கவேண்டும். இதுவே எலியும் சுண்டெலியும் நமக்குக் கற்பித்த பாடம்.

வாட்சன் காலத்தில் நம் பிள்ளைகளின் மண்ணீரலை எண்ணினர், அவ்வெண்கள் வடிகாலாயின, வடிகால் உயிர்களைக் காத்தது. எண்ணப்பட்டதே கவனிக்கப்பட்டது என்பதை அவ்வரலாறு காட்டுகிறது. இன்று கிள்ளானிலும் காஜாங்கிலும் பிரிக்பீல்ட்ஸிலும், தோட்டத்தை விட்டு வந்து பேரப்பிள்ளைகளோடு வாழும் பாட்டிமார் பலர் உளர். எந்த ஆண்டில், எந்தத் தோட்டத்தில், எந்த நிறத் தோம்பிலிருந்து எந்த மருந்தைக் கலக்கினோம், கையுறை இருந்ததா, தலைச்சுற்றல் வந்ததா என்பன அவர்கள் நினைவில் உள்ளன. தமிழாசிரியர்கள் தம் மாணவரை அனுப்பி, அவற்றைக் கேட்டு எழுதிவரச் செய்யலாம். கட்டுரைப் பயிற்சிக்கு இதனினும் நல்ல பொருள் கிடைப்பது அரிது. ஈரல் தான் சந்தித்ததைத் தன் வழியிற் கணக்கு வைத்துக்கொண்டது. அக்கணக்கை ஏட்டில் எழுதி வைப்பது நம் கடன்.